குடும்ப நாவல் யாருடையதைப் படிக்கலாம்? சசி தேஷ்பாண்டே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்களில் நாவல் படிப்பவர்கள் நிறைய. வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஐடி கம்பெனியில் இருப்பவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அம்மாக்கள். பெண்களின் வாழ்க்கையைச் சொல்கிற, இரண்டு மூன்று தலைமுறை வருகிற நாவலாக ஒன்று சொல்லுங்கள் என்று இவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பெயரைத்தான் சொல்லிவருகிறேன். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒருவர் என்றால் யார்?

சசி தேஷ்பாண்டே. ஆங்கிலத்தில் எழுதுபவர். நம் ஊர்க்காரர், பெங்களூரில் வசிப்பவர்.

குடும்பக் கதை எழுதுபவர்கள் எத்தனையோ பேர். இவர் எழுதுவது ஒரே வீட்டுக்குள் வருஷக்கணக்காகப் பேசாமல் வைத்திருக்கும் விஷயங்களை. அம்மா ஏன் அந்த அறைப் பக்கமே போவதில்லை, பாட்டியின் சொந்தப் பெயர் என்ன, சித்தி கல்யாணமே வேண்டாம் என்றது எதனால் என்று நாம் சின்ன வயதில் கேட்டு, "போய் விளையாடு" என்று அனுப்பப்பட்டோமே, அந்தக் கேள்விகளையெல்லாம் இவர் பொறுமையாகத் திரும்பக் கேட்கிறார். பதில் கிடைக்கும் வரை விடுவதில்லை. கிடைக்காதபோது கிடைத்ததாகப் பொய்யும் சொல்வதில்லை.

இவர் யார்? கொஞ்சம் விவரம் சொல்லுங்கள்.

1938-ல் தார்வாடில் பிறந்தவர். அப்பா ஆத்ய ரங்காச்சார்யா. ஸ்ரீரங்க என்ற பெயரில் எழுதிய கன்னட நாடகாசிரியர், சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அம்மா வழி மராத்தி. ஆக வீட்டில் இரண்டு மொழி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். பம்பாயில் பொருளாதாரம் படித்தார், பெங்களூரில் சட்டம் படித்தார், பிறகு பம்பாயில் இதழியலும் படித்தார்.

எழுத வந்தது குழந்தைகள் பிறந்த பிறகுதான். ஆரம்பகாலச் சிறுகதைகள் ஃபெமினா, ஈவ்ஸ் வீக்லி போன்ற பெண்கள் பத்திரிகைகளில் வந்தன. முதல் சிறுகதைத் தொகுப்பு 1978-ல். பெண்கள் பத்திரிகையில் எழுதுகிறவர் என்றால் இலக்கியவாதிகள் எப்படிப் பார்த்தார்கள் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வார இதழ்களில் தொடர்கதை எழுதிய பெண்களும் அதே பார்வையைச் சந்தித்தவர்கள்தான். 1990-ல் ‘தட் லாங் சைலன்ஸ்’ நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2009-ல் பத்மஸ்ரீ.

அதற்கு முன்பே, 1983-ல் வெளிவந்த ‘ரூட்ஸ் அண்ட் ஷேடோஸ்’ நாவலுக்கு திருமதி ரங்கம்மாள் பரிசு என்று ஒன்று கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஏனோ தனி சந்தோஷம்.

எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

‘எ மேட்டர் ஆஃப் டைம்’. 1996-ல் வந்தது. விருது வாங்கிய நாவலைத்தான் எல்லோரும் முதலில் கையில் எடுக்கிறார்கள். நான் இதைத்தான் கொடுப்பேன்.

கதை இப்படி. கோபால் ஒரு பேராசிரியர். மனைவி சுமி, மூன்று பெண் குழந்தைகள். ஒரு நாள் மனைவியிடம் வந்து வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறார், போய்விடுகிறார். வேறு பெண் கிடையாது, கடன் கிடையாது, சண்டையும் நடக்கவில்லை. நாமெல்லாம் வழக்கமாகத் தேடுகிற காரணம் எதுவுமே இல்லை. சுமி மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பெரிய பழைய வீடு, வாசலில் விஷ்வாஸ் என்ற பெயர். அங்கே அவளுடைய அம்மா கல்யாணியும் அப்பா ஸ்ரீபதியும் இருக்கிறார்கள். அப்பா மாடியில், அம்மா கீழே. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஸ்ரீபதி கல்யாணியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் மாடியிலிருந்து மணி அடிப்பார்.

அந்த மணிச் சத்தத்தைப் படித்ததும் எனக்குப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்ந்த தம்பதிகளை நம் சொந்தங்களிலும் பார்த்திருக்கிறோம். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா" என்று பிள்ளையைத் தூது அனுப்பியே காலம் தள்ளியவர்கள் உண்டு. அது ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இந்த நாவலில் மூத்த பேத்தி ஆரு கேட்கிறாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குரிய கோபத்தோடு அப்பாவையும் தாத்தாவையும் ஒருசேர நிறுத்திக் கேட்கிறாள்.

நாவல் மூன்று பகுதி: வீடு, குடும்பம், நதி. முதல் பகுதி கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். அதில் வரும் பெயர்களைக் கவனித்து வைத்துக்கொண்டால் இரண்டாம் பகுதியில் எல்லா முடிச்சும் பிடிபடும். கல்யாணியின் அம்மா மனோரமாவின் கதை அங்கேதான் விரிகிறது. ஆண் வாரிசு இல்லையே என்ற ஒரு பயம், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி வரைக்கும் எப்படி இறங்கி வருகிறது என்று அங்கே தெரியும்.

கன்னட, மராத்திக் குடும்பங்களின் கதை நமக்கு ஒட்டுமா?

மிகவும் ஒட்டும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாணி கல்யாணம் செய்துகொண்டது தன் அம்மாவின் தம்பியை, அதாவது சொந்தத் தாய்மாமனை. சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று மனோரமா முடித்துவைத்த கல்யாணம். வடஇந்தியாவிலோ வெளிநாட்டிலோ உள்ள வாசகருக்கு இதை விளக்கவே ஒரு பக்கம் வேண்டும். நமக்கு ஒரு வரி போதும். மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவனையே கணவனாக ஏற்பது, அம்மாவே நாத்தனாராகவும் ஆகிவிடுவது, கோபித்துக்கொண்டு போக வேறு பிறந்த வீடு இல்லாமல் போவது, இதெல்லாம் என்ன என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெங்களூரில் வளர்ந்த தமிழர்களுக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு இந்தி என்று வாழ்கிறோம். இவருடைய பாத்திரங்களும் அப்படித்தான். அக்கா, காக்கி, ஆஜி, மாமி என்ற உறவுமுறைப் பெயர்களை அப்படியே போட்டுவிட்டுக் கதையைத் தொடர்கிறார். வெளியாருக்காக நின்று விளக்குவதில்லை. இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்மை உள்ளே இருப்பவர்களாக வைத்து எழுதுகிறார்.

அப்படியானால் விருது வாங்கிய ‘தட் லாங் சைலன்ஸ்’ ஏன் முதலில் இல்லை?

குறை ஒன்றும் இல்லை. அது அருமையான நாவல். ஆனால் முழுக்க முழுக்க ஒரு பெண்ணின் மனதுக்குள் நடப்பது. நேற்று, இன்று, சின்ன வயது எல்லாம் முன்னும் பின்னுமாக வரும். இவருடைய நடை பழகிய பிறகு படித்தால் அதன் முழு வலுவும் கிடைக்கும். 1988-ல் லண்டனில் விராகோ பதிப்பகம் வெளியிட்டது.

ஜயா என்ற பெண். கணவன் மோகன் அலுவலகத்தில் ஒரு முறைகேட்டில் சிக்கிக்கொள்கிறான். விசாரணை முடியும் வரை வசதியான வீட்டை விட்டு, தாதரில் இருக்கும் ஜயாவின் பழைய ஃப்ளாட்டில் போய் ஒதுங்குகிறார்கள். பிள்ளைகள் ஊரில் இல்லை. வேலை இல்லை, விருந்தாளி இல்லை, கணவனும் மனைவியும் மட்டும். பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் வாய்திறந்து சொல்லாதவையெல்லாம் அந்த ஃப்ளாட்டில் அவள் மனதில் எழுந்து வருகின்றன. ஜயா எழுதுகிறவள். ஒருமுறை அவள் எழுதிய கதையைப் படித்துவிட்டுக் கணவன் வருத்தப்படுகிறான், நம்மைப் பற்றி என்று ஊர் நினைக்காதா என்று. அதன் பிறகு அவள் பத்திரிகைகளுக்கு யார் மனதும் நோகாத சமாச்சாரமாகவே எழுதித் தருகிறாள். கல்யாணத்தின்போது புகுந்த வீட்டில் வைத்த பெயர் சுஹாசினி. அப்பா வைத்தது ஜயா. இந்த இருவரில் தான் யார் என்பது அவளுக்கே குழப்பமாகிவிடுகிறது.

இந்த நாவலில் ஒரு இடம் உண்டு. ஜயாவின் பிறந்த வீட்டுப் பெரியவர் ஒருவர், ராமுகாகா, குடும்ப வம்சாவளியை வரைந்து பெருமையாகக் காட்டுகிறார். ஜயா தன் பெயரைத் தேடுகிறாள். இல்லை. நீ கல்யாணமாகிப் போனவள், நீ இங்கே எப்படி வருவாய் என்கிறார். சரி, அந்த வீட்டுக்கே மருமகள்களாக வந்து, காலமெல்லாம் சமைத்துப்போட்ட காக்கிகளின், அதாவது சித்தி பெரியம்மாக்களின் பெயர்கள்? பாட்டியின் பெயர்? அவையும் இல்லை.

நம் வீடுகளிலும் கல்யாணப் பத்திரிகை, குலதெய்வக் கோயில் கல்வெட்டு, பழைய வம்சாவளிச் சுருள் எதையாவது எடுத்துப் பாருங்கள். இன்னாருடைய குமாரர் இன்னார் என்றே இறங்கும். சசி தேஷ்பாண்டேயின் எல்லா நாவல்களையும் அந்தப் படத்தில் விடுபட்ட பெயர்களை எழுதிச் சேர்க்கும் வேலையாகவே நான் படிக்கிறேன். இவரைத்தான் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இது.

தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லை. முடியுமா?

முடியும். இவருடைய ஆங்கிலம் அலங்காரமில்லாதது. சின்னச் சின்ன வாக்கியங்கள், வீட்டில் பேசும் பேச்சு. அகராதியைத் திறக்க வைக்கும் சொற்கள் குறைவு. கஷ்டம் மொழியில் வராது, யார் யாருக்கு என்ன உறவு என்பதில்தான் வரும். முதல் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் ஒரு உறவுப் படம் போட்டுக்கொள்ளுங்கள். மனோரமா மேலே, அவளுக்குக் கீழே கல்யாணி, பிறகு சுமியும் அவள் தங்கை பிரேமியும், அதற்குக் கீழே ஆரு, சாரு, சீமா. இது போதும்.

நாவல் பெரிதாகத் தோன்றினால் இவருடைய சிறுகதைகளில் ஆரம்பியுங்கள். ‘தி ஸ்டோன் விமன்’ தொகுப்பில் புராண, இதிகாசப் பெண்கள் வருகிறார்கள். கதை ஏற்கெனவே நமக்குத் தெரியும் என்பதால் மொழிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஒரே அழுகையாக இருக்குமா? மாமியார் கொடுமை, வில்லி எல்லாம் உண்டா?

வில்லி கிடையாது. கெட்ட மாமியாராகத் தெரிபவள், முப்பது பக்கம் போனதும் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையாகத் தெரிவாள். ‘ரூட்ஸ் அண்ட் ஷேடோஸ்’ நாவலில் வரும் அக்கா என்ற கிழவி அப்படிப்பட்டவள். வீட்டையே தன் பணத்தால் ஆண்டவள், எல்லோரும் நடுங்கியவள். அவள் இளவயதில் பட்டது தெரியவரும்போது அவளை வெறுக்கவும் முடியாது, அவள் செய்ததை மன்னிக்கவும் முடியாது.

சோகம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அழவைப்பதற்கென்று எழுதிய காட்சிகள் இல்லை. சமையலறையில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரிக்கும் இடங்கள், அக்கா தங்கைகளின் கேலி, நடுவயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் சுமியின் உற்சாகம் எல்லாம் உண்டு.

ஆண்கள் எல்லோரையும் குற்றவாளியாக்குகிறாரா?

இல்லை. கோபாலை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி மக்களை விட்டுப் போனவன். அவன் தரப்பு யோசனைகளுக்கும் ஆசிரியர் நிறையப் பக்கங்கள் கொடுக்கிறார். படித்து முடித்தும் எனக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அவனைப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. ‘மூவிங் ஆன்’ நாவலில் அப்பாவின் டைரியை மகள் படிக்கிறாள். கதைகள் எழுதிய மனைவியோடு அந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கை அதில் இருக்கிறது. அவ்வளவு மென்மையான ஒரு ஆண் குரலை நான் அதிகம் படித்ததில்லை.

யாருக்காவது கொடுக்கும் முன் யோசிக்க வேண்டிய புத்தகம் எது?

இரண்டு மூன்று உண்டு.

‘தி டார்க் ஹோல்ட்ஸ் நோ டெரர்ஸ்’, 1980. சரிதா ஒரு டாக்டர், நன்றாகச் சம்பாதிப்பவள். கணவன் கல்லூரி ஆசிரியன். ஒரு பத்திரிகைப் பேட்டியில், மனைவியின் சம்பாத்தியத்தைப் பற்றி அவனிடம் விளையாட்டாகக் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து எல்லாம் மாறுகிறது. பகலில் சாதாரணமாக இருப்பவன் இரவில் அவளைத் துன்புறுத்துகிறான். காலையில் எதுவும் நடக்காததுபோல் இருக்கிறான். கல்யாணத்துக்குள் நடக்கும் வன்முறையை இந்திய நாவலில் இவ்வளவு நேராக அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அதில் இன்னொரு காயமும் இருக்கிறது. சின்ன வயதில் தம்பி குளத்தில் மூழ்கிச் சாகிறான். "அவனுக்குப் பதில் நீ போயிருக்கக் கூடாதா" என்ற பொருளில் அம்மா மகளைப் பார்த்துக் கேட்கிறாள். இதுபோன்ற அனுபவத்திலிருந்து சமீபத்தில் வெளிவந்தவர்களுக்கு, அவர்களே கேட்டால் தவிர, கொடுக்க வேண்டாம்.

‘தி பைண்டிங் வைன்’, ‘ஸ்மால் ரெமெடீஸ்’ இரண்டிலும் பிள்ளையை இழந்த தாய்தான் கதை சொல்கிறாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு உடனே கொடுக்கக் கூடாது. நாள் போன பிறகு, "யாராவது இதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா" என்று அவர்களே தேடும்போது கொடுங்கள். ஆறிவிடும், மறந்துவிடும் என்று இந்த நாவல்கள் எங்கேயும் சொல்வதில்லை. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

‘தி பைண்டிங் வைன்’ பற்றிப் பலர் சொல்கிறார்கள். அப்படி என்ன அதில்?

1993-ல் வந்தது. மூன்று பெண்கள். ஊர்மி, குழந்தையை இழந்தவள். அவளுக்கு ஒரு பழைய டிரங்குப் பெட்டி கிடைக்கிறது. அதில், அவள் பார்த்தேயிராத மாமியார் மீராவின் டைரிகளும் கன்னடக் கவிதைகளும். கணவனைப் பெற்றெடுத்தபோதே இறந்துபோனவள் அந்த மீரா. விருப்பமில்லாத உடலுறவின் கசப்பைக் கவிதையில் ரகசியமாக எழுதிவைத்திருக்கிறாள். இன்னொரு பக்கம் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும் கல்பனா, பாலியல் வன்முறைக்கு ஆளானவள். அவள் அம்மா சகுதாய், விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற பெண்ணின் கல்யாணம் என்னாவது என்று கெஞ்சுகிறாள்.

மீராவின் கவிதைகளை அச்சில் கொண்டுவரலாமா கூடாதா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே பெரிய சண்டை வருகிறது. செத்துப்போனவளின் மானம், அவள் கணவனின் பெயர், எழுதியவளின் உரிமை, இதில் எது பெரிது? ஒரு சாயங்காலம் முழுக்க இதைப் பற்றியே பேசலாம்.

காதல் கதை மட்டும் போதும் என்றால்?

‘இன் தி கன்ட்ரி ஆஃப் டிசீட்’, 2008. சின்ன ஊரில் தனியாக வாழும் தேவயானிக்கும் ஏற்கெனவே திருமணமான ஒரு போலீஸ் அதிகாரிக்கும் இடையே வரும் உறவு. ஆசிரியர் தீர்ப்பு வழங்கமாட்டார். படிப்பவர்கள் வழங்குவார்கள், அதில்தான் விவாதம்.

சங்கீதம் பிடிக்கும் என் பெரியம்மாவுக்கு?

‘ஸ்மால் ரெமெடீஸ்’, 2000. குவாலியர் கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபின் பெரிய பாடகி சாவித்ரிபாய் இந்தோர்க்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுத மது என்பவள் வருகிறாள். பாடகி எல்லாவற்றையும் சொல்கிறார், தன் மகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பாட்டுக்காக வீட்டை விட்டு வந்தவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது கேட்டவற்றைவிடக் கேட்காதவற்றில் இருக்கிறது. தேவதாசி மரபிலிருந்து வந்த நம் பாடகிகளின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு இதில் பல இடங்களில் மனம் நின்றுவிடும். துக்கம் பற்றி மேலே சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பெரியம்மாவுக்குக் கொடுங்கள்.

தொடர் பாகங்கள் உண்டா?

ஒன்று உண்டு. 2013-ல் வந்த ‘ஷேடோ ப்ளே’, ‘எ மேட்டர் ஆஃப் டைம்’ நாவலின் தொடர்ச்சி. அந்த மூன்று மகள்களின் பிற்கால வாழ்க்கை. முதல் நாவலைப் படிக்காமல் இதை எடுக்க வேண்டாம். மற்றவை எல்லாம் தனித்தனி.

குறையே இல்லையா?

உண்டு. இவருடைய குடும்பங்கள் பெரும்பாலும் பிராமணக் குடும்பங்கள், படித்த நடுத்தர வர்க்கம். வீட்டு வேலை செய்யும் ஜீஜா, மேலே சொன்ன சகுதாய் போன்றவர்கள் வருகிறார்கள், அன்போடும் கூர்மையோடும் எழுதப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் அவர்களை நாம் முதலாளி வீட்டு ஜன்னலிலிருந்துதான் பார்க்கிறோம். சாதி இந்த வீடுகளை எப்படித் தாங்கி நிற்கிறது என்ற கேள்வியை அவர் கடைசிவரை துரத்துவதில்லை. அதற்கு நாம் தமிழ் தலித் எழுத்தாளர்களான பாமாவிடமும் சிவகாமியிடமும்தான் போக வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992-லும் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-லும் வந்தன. ஒரு நாவலை இங்கிருந்தும் அடுத்ததை அங்கிருந்தும் எடுத்து மாற்றி மாற்றிப் படிப்பதை நான் சிபாரிசு செய்வேன்.

தமிழில் இதேபோல் யாரைப் படிக்கலாம்?

மூன்று தலைமுறைப் பெண்களின் கதை வேண்டுமென்றால் சிவசங்கரியின் ‘பாலங்கள்’. அம்மாக்கள் தலைமுறையில் அதை வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெங்களூரிலேயே வசிக்கும் வாஸந்தியின் நாவல்களும் அவசியம். அவருடைய ‘மூங்கில் பூக்கள்’ மலையாளத்தில் ‘கூடெவிடே’ என்று 1983-ல் படமானது. மும்பையில் வாழும் அம்பை சிறுகதைக்காரர், ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற ஒரு கதையில் ஒரு நாவலுக்குள்ள குடும்பம் இருக்கும். 2021-ல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஆர். சூடாமணி, ராஜம் கிருஷ்ணன் இருவரையும் விடக் கூடாது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-ல் வந்தது. ஒரு சிற்றூரின் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் கூடிப் பேசும் பேச்சு அப்படியே காதில் கேட்கும்.

பெங்களூரில் புத்தகம் எங்கே வாங்குவது?

எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட் போங்கள். பிளாஸம் புக் ஹவுஸ், புக்வோர்ம் இரண்டும் அங்கே இருக்கின்றன. பழைய பிரதிகள் குறைந்த விலையில் கிடைக்கும் கடைகள். இந்திய எழுத்தாளர்கள் அலமாரியில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லுங்கள். மேலே சொன்ன தமிழ் நூல்களுக்கு அல்சூர் ஏரி அருகில் தமிழ்ச் சங்க நூலகம். கப்பன் பார்க்கின் சிவப்புக் கட்டட நூலகத்தையும் மறக்காதீர்கள்.

இவருடைய சொந்த வாழ்க்கை பற்றிப் படிக்க ஏதாவது?

‘லிஸன் டு மீ’, 2018-ல் வந்த தன்வரலாறு. தார்வாட், அப்பாவின் நாடகங்கள், இளம் தாயாக பம்பாயில் இருந்த நாட்கள், எழுத்து என்று போகும். 2015 ஆகஸ்டில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி தார்வாடில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சாகித்ய அகாதெமி மௌனமாக இருந்ததைக் கண்டித்து அதன் பொதுக்குழுவிலிருந்து விலகியவர் சசி தேஷ்பாண்டே. வீட்டுக்குள் இருக்கும் மௌனத்தை அவ்வளவு காலம் எழுதியவர் வெளியிலும் அப்படித்தான் நடந்துகொண்டார். நாவல்களில் நான்கைந்தாவது படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அபார்ட்மென்ட்டில் சில பெண்கள் சேர்ந்து படிக்க ஆரம்பித்திருக்கிறோம். எப்படிப் பேசலாம்?

‘எ மேட்டர் ஆஃப் டைம்’ நாவலையே எடுங்கள். ஒரு மாதம் போதாது, இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பகுதி என்பதால் பிரித்துக்கொள்வது எளிது. அம்மாவும் பெண்ணும், மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.

கோபால் நல்லவனா கெட்டவனா என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள். சுமி ஏன் கணவனிடம் "ஏன் போகிறாய்" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை? ஆரு ஏன் ஜீவனாம்சம் பற்றிக் கேட்க வக்கீலிடம் போகிறாள், அம்மாவுக்கு அது ஏன் தேவைப்படவில்லை? மனோரமா செய்தது மகள்மேல் உள்ள அன்பா, சொத்துமேல் உள்ள பயமா? கல்யாணிக்கு அந்த வீட்டை விட்டுப் போக வழி இருந்ததா?

கல்யாணி பற்றிய கேள்வியை வயதில் மூத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். இளையவர்கள் போயிருக்கலாமே என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். மூத்தவர்கள் கொஞ்சம் யோசித்து, அந்தக் காலத்தில் பஸ் டிக்கெட்டுக்குக் கையில் காசு யார் கொடுப்பார்கள் என்பதிலிருந்து தொடங்குவார்கள். அவர்கள் பேசும்போது நேரத்தைப் பார்க்காதீர்கள்.